கழுவாத வண்டியின் சூடு

மேலாளர் முதலில் உட்காரச் சொன்னார். சூட்டக்கா உட்காரவில்லை. கையெல்லாம் கிரீஸ், நாற்காலிக்கோ வெள்ளைத் துணி உறை. அடுத்து டீ சொல்லட்டுமா என்று கேட்டார். இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள். அதன் பிறகு மேசையின் மேல் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஓரங்களை விரலால் தட்டிச் சரிசெய்தார். நல்ல சேதி சொல்வதாக இருந்தால் இந்த மனிதர் இவ்வளவு சுற்றி வளைக்க மாட்டார் என்று அவளுக்கு அப்போதே உறைத்துவிட்டது.

இடது பக்கத் தாள் ஆற்றோரப் பணிமனையுடையது. வலது பக்கத் தாள் அவர்களுடைய மேட்டுப் பணிமனையுடையது. இரண்டு இடத்திலும் நாற்பது நாற்பது மின்சாரப் பேருந்துகள், எல்லாம் ஒரே ரகம். பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் மாட்யூல் போன வருஷம் அங்கே ஒன்று போயிருந்தது. இங்கே ஒன்பது.

"அதே வண்டி, அதே மாட்யூல், சூடு இறங்கத் தடவுற பேஸ்ட் கூட அதேதான்," என்றார் மேலாளர். "வித்தியாசம்னு தேடினா உங்க கை ஒண்ணுதான் மிஞ்சுது."

அவள் மேட்டைச் சொன்னாள். ஆற்றோர வண்டிகள் சமதளத்தில் ஓடுகின்றன, நம் வண்டிகள் கடைசி இரண்டு கிலோமீட்டர் மூச்சு முட்ட ஏறி வருகின்றன என்றாள். அதையும் வண்டி செய்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டாராம். இதைப்போல இரண்டு மடங்கு மேட்டுக்கும் தாங்கும் என்று எழுதித் தந்திருக்கிறார்களாம். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். மாட்யூல் வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப் போகிறார்கள். மூன்று மாதத்தில் கையெழுத்து. அவளுடைய பெஞ்சைக் காலி செய்ய வேண்டும். டிக்கெட் மெஷின்களுக்குச் சார்ஜ் போடும் அறையில் அவளுக்கு ஒரு மேசை உண்டு.

"வேலை எங்கயும் போயிடாது. இடம்தான் மாறுது," என்றார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "மூணு மாசத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிங்க. ஆனா கண்ணுக்குத் தெரியற மாதிரி கொண்டு வரணும். வாயால சொன்னா எடுபடாது," என்றார். பிறகு, டீயாவது குடித்துவிட்டுப் போகலாமே என்று மறுபடியும் சொன்னார்.

இந்தப் பேச்சை அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். உட்காரச் சொன்னதையும் விடவில்லை, இரண்டு தரம் டீ கேட்டதையும் விடவில்லை. 'கை' என்று வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள்.

சூட்டக்கா என்பது பணிமனை வைத்த பெயர். எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் புறங்கையை அதன்மேல் வைத்து, "சூடு பார்த்தியா?" என்பாள். பதினெட்டு வருஷம் முன்பு டீசல் வண்டிகளின் டைனமோவுக்குக் கம்பி சுற்ற வந்தவள். டீசல் போய் மின்சார வண்டிகள் வந்தபோது, மாட்யூல் இருக்கும் பெட்டியைத் திறக்க யாருக்கு இஷ்டம் என்று பழைய மேலாளர் கேட்டார். எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் கை ஒன்றுதான் மேலே போனது. அன்றிலிருந்து அந்த வடக்கு ஜன்னலோரப் பெஞ்ச் அவளுடையது. பெஞ்சின் மேல் ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரு சால்டர் அயர்ன், சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த கைப்பிடி உறைகள், சூடு அளக்கும் கம்பி ஒன்று. கூடவே ஒவ்வொரு வண்டிக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கிய தடிமனான நோட்டு. கல்யாணம் என்ற பேச்சு ஒன்றிரண்டு முறை வந்து போனது. அவள் அதை எதிர்க்கவும் இல்லை, பின்னாலேயே ஓடவும் இல்லை. தம்பியோடு இருந்தாள். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் தம்பி மனைவியோடும் இருந்தாள்.

தம்பி மனைவியை வீட்டில் சின்னவள் என்பார்கள். பேச்சு குறைவு. இரண்டு மொழியில் படித்தவள். வீட்டிலிருந்தபடியே சலவை மெஷின், மிக்ஸி, தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி ஆகியவற்றோடு வரும் சிறு புத்தகங்களைத் தமிழாக்கித் தருவது அவள் பிழைப்பு. 'குழந்தைகளை மெஷினுக்குள் உட்கார வைக்காதீர்கள்' என்பதை இருநூறு தடவை எழுதியிருப்பதாக ஒருமுறை சொன்னாள். வீட்டில் அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று தம்பி கிண்டல் செய்வான்.

அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சின்னவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மாட்யூல் எதனால் உடைகிறது என்று கேட்டாள்.

சூட்டக்கா பையிலிருந்து செத்துப்போன ஒன்றை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலம்தான். மேலே மின்சாரத்தை மாற்றும் சிலிக்கன் சில்லு, அதன் கீழே மெல்லிய பீங்கான் தகடு, அதன் கீழே கனமான செம்பு. இவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது ஈயப் பற்று. சூடேறினால் செம்பு அதிகமாக விரியும், பீங்கான் பிடிவாதமாகக் கொஞ்சமே விரியும். ஆறினால் இரண்டும் சுருங்கும், அதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது.

"இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. நடுவுல மாட்டிக்கிட்டது ஈயம். ஆயிரம் தடவை பொறுத்துக்கும். அப்புறம் ஒரு நாள் விரிசல் விட்டுடும்."

சின்னவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம வீட்ல ஈயம் யாரு அண்ணி?"

"உன் புருஷன்தான்," என்றாள் சூட்டக்கா. உள்ளறையிலிருந்து தம்பி இருமினான்.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இழுப்பு, விரிசல் இவற்றுக்கெல்லாம் சரியான சொல் தேடிப் போனவள் ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்திருந்தாள். மாட்யூலின் ஒவ்வொரு அடுக்கும் எந்தப் பொருள், எவ்வளவு தடிமன், எவ்வளவு சூடு ஏறி இறங்குகிறது என்று சொன்னால், எந்த மூலையில் எவ்வளவு இழுப்பு, எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் படமாகவே வரைந்து காட்டும். பல நாட்டுக்காரர்கள் கூடிச் செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறது என்று திறந்து பார்க்கலாம், தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம்.

"சும்மாவா?" என்று கேட்டாள் சூட்டக்கா.

"சும்மாதான்."

"அப்போ யாரைத் திட்டறது?"

சின்னவள் யோசித்துவிட்டு, அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்று காட்டினாள். குறை சொல்ல நினைப்பவர்கள் அங்கே எழுதலாம். சூட்டக்காவுக்கு அந்த இடம் பிடித்துப் போனது. மென்பொருளின் பெயர் வாயில் நுழையவில்லை. அடுக்கடுக்காகக் காட்டியதால் அதற்கு 'அடுக்கு' என்று வீட்டுப் பெயர் வைத்தார்கள்.

ஒரு மாதம் அந்தச் சாப்பாட்டு மேசை இரண்டாவது பெஞ்ச் ஆனது. சூட்டக்கா பழுதான மாட்யூலை வாளால் குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடியின் கீழே அடுக்குகளை அளந்து சொல்வாள். சின்னவள் அதைக் கணினியில் ஏற்றுவாள். சொல் புரியாத இடங்களில் சின்னவள் தயங்கி நிற்பாள், பொருள் புரிந்த சூட்டக்கா கையால் செய்து காட்டுவாள். தம்பி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான். "கட்டிக்கிட்டு வந்தது நான், எடுத்துக்கிட்டது நீ," என்று அக்காவிடம் முறையிட்டான். இரண்டு பேரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியில் நோட்டில் இருந்த சூட்டுக் கணக்கு முழுவதையும் ஏற்றினார்கள். ஆறு வருஷம், வாரம் ஒரு தடவை, ஒவ்வொரு வண்டியும் பெஞ்சுக்கு வந்தபோது அவள் அளந்து எழுதியவை. அதோடு ஓட்டத்தின்போது சில்லு எவ்வளவு சூடாகும் என்று நிறுவனம் தந்த எண்களையும் கொடுத்தார்கள். அடுக்கு இருபது நிமிஷம் யோசித்தது. பிறகு ஒரு படம் வந்தது. படம் முழுக்கப் பச்சை. ஓரத்தில் மட்டும் ஒரு துளி மஞ்சள். கீழே ஆயுள்: பதினாலு வருஷம்.

சூட்டக்கா செத்த மாட்யூல்களைத் திரைக்கு முன்னால் வரிசையாக அடுக்கினாள். ஒன்றுகூட மூன்று வருஷத்தைத் தாண்டியதில்லை.

"பதினாலு வருஷம்னு இதுங்ககிட்ட யாரும் சொல்லல போல," என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. கணக்கு சரி என்றால் மிச்சம் இருப்பது கை ஒன்றுதான். அன்று அவள் சின்னவளோடு காய் நறுக்கவும் வரவில்லை. தன் பெஞ்சில் செய்த பழைய வேலைகளை ஒவ்வொன்றாக மனதில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகாணியைச் சரியாக முடுக்கினேனா, பேஸ்ட் அதிகமாகிவிட்டதா, எங்காவது அவசரப்பட்டேனா. ஒருவேளை மேலாளர் சொன்னதே நிஜம்தானோ.

சின்னவள் அவளிடம் சொல்லாமலேயே குறை எழுதும் பக்கத்தில் எழுதினாள். எல்லா அளவையும் இணைத்து, ஒன்பது விரிசல்களின் படத்தையும் போட்டு, கணக்கு எங்கே தவறுகிறது என்று கேட்டாள். அடுக்கைப் பராமரிப்பவர்களில் ஒருவர் நாலாம் நாள் பதில் எழுதினார். வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவராம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். விரிசல்கள் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றன, பொருத்தியவரின் கையில் குறை இருந்தால் விரிசல் கண்டபடி ஓடும், இது ஓரத்திலிருந்து ஒழுங்காக உள்ளே போகிறது என்று எழுதியிருந்தார். அந்த வரியைச் சின்னவள் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். சூட்டக்கா மூன்றாவது தடவையும் கேட்டாள்.

அதற்கு அடுத்த வரிதான் முக்கியம். நீங்கள் அளந்த சூடு எப்போதும் முப்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மேடு ஏறி வந்த வண்டிக்கு இது மிகவும் குறைவு, முதல் அளவு எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அந்த வண்டிக்கு என்ன நடக்கிறது?

சின்னவள் நிமிர்ந்தாள். "அதுக்கு முன்னாடி என்ன அண்ணி நடக்குது?"

"என்ன நடக்கும். கழுவுவாங்க," என்றாள் சூட்டக்கா. சொன்னவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

வந்த வண்டியை உடனே கழுவ வேண்டும் என்ற விதி அவள் போட்டது. ஆறு வருஷம் முன்பு, பெட்டியைத் திறக்கும்போது மேலே இருந்து சேறு விழுந்து ஒரு மாட்யூல் தீய்ந்து போனது. அவள் பழைய மேலாளரிடம் போய் நின்றாள். எந்த வண்டி எந்த நாளில் பெஞ்சுக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே உள்ளே நுழையும் எல்லா வண்டியையும் நுழைந்த உடனே கழுவிவிட வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். பலகை எழுதி வாசலில் மாட்டியவளும் அவள்தான்: 'கழுவாத வண்டிக்கு இங்கே வேலை இல்லை.'

மறுநாள் மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் சூடு அளக்கும் கம்பியோடு கழுவும் இடத்துக்குப் போனாள். அங்கே ஆட்சி குழாய்க்காரருடையது. அவளைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வண்டி மேட்டிலிருந்து உள்ளே திரும்பியதும், அவள் பின்பக்கம் குனிந்து, மாட்யூலின் சூட்டை வெளியே தள்ளும் அலுமினியத் தகடுகளில் கம்பியைச் சொருகப் போனாள். குழாய்க்காரர் குழாயைக் குறுக்கே நீட்டினார்.

"கழுவாத வண்டியத் தொடக் கூடாது. போர்டு இருக்கு."

"அந்த போர்டை எழுதினதே நான்தான்."

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்றேன். வேற யாராவது எழுதியிருந்தா விட்டிருப்பேன்."

கெஞ்சிக் கூத்தாடி ஐந்து நிமிஷம் வாங்கினாள். தொண்ணூற்றிரண்டு டிகிரி. நோட்டில் அப்படி ஒரு எண் ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. பிறகு கழுவச் சொன்னாள். ஆழ்குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி பாய்ந்தது. தகடுகள் சொய்யென்று சீறி, வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஒன்றரை நிமிஷத்தில் எண் முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது.

"இது தினமும் இப்படித்தான் சீறுமா?"

"மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வண்டி உங்களுக்குப் பயந்து பெருமூச்சு விடுதுன்னு பசங்ககிட்ட சொல்லுவேன்," என்றார் குழாய்க்காரர்.

ஆற்றோரப் பணிமனைக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டாள். அங்கே கழுவுவது விடியற்காலையில், முதல் ஓட்டத்துக்கு முன்பு. வண்டி பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று நிற்கும் நேரம்.

தினமும் இரண்டு தடவை, ஒன்றரை நிமிஷத்தில் அறுபது டிகிரி இறங்குகிறது என்று புதிய எண்களை அடுக்குக்குக் கொடுத்தார்கள். இந்த முறை படத்தின் நாலு மூலையும் ரத்தச் சிவப்பு. ஆயுள் இரண்டு வருஷம் ஏழு மாதம். சூட்டக்கா நோட்டைத் திறந்து, ஒன்பது மாட்யூலும் போட்ட தேதி, போன தேதி இரண்டையும் கழித்துப் பார்த்தாள். எல்லாம் அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே. அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மாதமாகச் சரியாக விடாத மூச்சை விட்டாள்.

அறிக்கையை அவள் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதினாள். விதியைப் பற்றி வந்த இடத்தைச் சின்னவள் கொஞ்சம் பூசி மெழுகினாள். 'முன்பு பின்பற்றப்பட்டு வந்த நடைமுறை' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தாள். சூட்டக்கா விடவில்லை.

"அதுல ஆளே இல்லையேம்மா."

"ஆள் வேணாம்னுதான் அண்ணி. மூணு மாசம் முடியப் போகுது. கை சரியா இருக்குன்னு நிரூபிச்சாச்சு. இப்போ போய் நீங்களே..."

"அவர் என் கைன்னு சொன்னார். கை இல்ல, அந்த போர்டு. ரெண்டும் என்னோடதுதான். நான் போட்ட விதின்னு எழுது. இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தர் அதே போர்டை மறுபடி மாட்டுவாங்க."

சின்னவள் அழித்துவிட்டு எழுதினாள்.

மேலாளர் படத்தைத்தான் முதலில் பார்த்தார். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார். பிறகு விதியைப் பற்றிய பத்தியைப் படித்தார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே என்றார். தெரிந்திருக்காது என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்தார். வண்டி உள்ளே வந்து நிழலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு கழுவினால் எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்.

"நிக்கறதுக்கு என்ன செலவு? குழாய்க்காரர் முணுமுணுப்பார், அவ்வளவுதான்."

வெளி நிறுவனத்தின் ஒப்பந்தக் காகிதம் கையெழுத்தாகாமல் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. சூட்டக்கா பழைய பலகையைத் தானே கழற்றி, பின்பக்கம் திருப்பி, 'ஆறாத வண்டியைக் கழுவ வேண்டாம்' என்று எழுதி மாட்டினாள். குழாய்க்காரர் அதன் கீழே நின்று படித்துவிட்டு, இனிமேல் அக்காவுக்குப் பயப்படாத வண்டிகளைத்தான் கழுவ வேண்டுமா என்று கேட்டார். ஏற்கெனவே பாதி விரிசல் விட்டிருந்த நாலு மாட்யூல்கள் அந்த வருஷமும் போயின. புதிதாகப் போட்டவற்றில் ஒன்றும் போகவில்லை. வருஷம் முடிந்து மேலாளர் அவள் பெஞ்சுக்கே வந்தார். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. சார்ஜ் போடும் அறைக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று மட்டும் சொன்னார். சூட்டக்கா அவருக்கு டீ சொன்னாள். அவர் உட்கார்ந்து குடித்தார்.

இதற்கு நடுவில் அடுக்கைப் பராமரிப்பவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்தக் கழுவும் கதையை மென்பொருளோடு சேர்த்து ஓர் எடுத்துக்காட்டாகத் தர ஆசைப்படுவதாக எழுதியிருந்தார். புதிதாக வருபவர்கள் அதைத் திறந்து, எண்களை மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அளந்தவர் பெயரைப் போடலாமா, உள்ளே வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். சின்னவள் அதைப் படித்துக் காட்டியபோது சூட்டக்கா புறங்கையைச் சாப்பாட்டுத் தட்டின் மேல் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் வேண்டாம் என்றாள். பிறகு, கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவி வந்து, சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாக யாரிடமும் எதையும் கேட்காதவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எனக்காக ஒண்ணு செய்வியாம்மா? அதைத் திறந்தவுடனே தடிமன் எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு கேக்குதில்ல, அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கேள்வி போடச் சொல்லு. அளக்கறதுக்கு முன்னாடி இதை என்ன பண்ணீங்க, யார் பண்ணச் சொன்னதுன்னு. அவங்க மொழியில அவங்க போடட்டும். தமிழ்ல நீ எழுது. ஆனா மிரட்டற மாதிரி எழுதாத. என்னை மாதிரி ஒருத்தி படிச்சா, எழுந்து போயிடாம பதில் சொல்ற மாதிரி எழுது."